பின் கொம்பு

விருதுநகர்,
22-7-1961

தங்கச்சி பொன்னுத்தங்கத்துக்கு அண்ணன் லட்சுமிகாந்தம் எழுதுவது.

இங்கே எல்லோருக்கும் சுகம். ஆறு வருஷமாக நமக்குள் எழுத்து எல்லாம் கணக்குப்பிள்ளை கையால்தான் போய் வருகிறது. இது அவரிடம் சொல்லி எழுதவைக்கிற விஷயம் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

விஸ்வநத்தத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி, நம் சரவெடிப் பெட்டியைப் போலவே பெட்டி போட்டு விற்கிறது. அதே சிவப்பு, அதே மஞ்சள் ஓரம், நடுவில் ஒரு காண்டாமிருகம். நம்முடையதற்கு ஒரு கொம்பு, அவர்களுடையதற்கு இரண்டு. ‘ஜோடிக் கொம்பு மார்க்’ என்று பெயர். திருச்சி, சேலம் கடைக்காரர்கள் நம் சரக்கு என்று நினைத்து அதை வாங்குகிறார்கள். நான் கேஸ் போட்டிருப்பது உனக்குத் தெரியும்.

இப்போது அவர்களுடைய வக்கீல் புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறார். ‘ஒற்றைக் கொம்புதான் எங்கள் மார்க் என்கிறார்கள். ஆனால் இவர்கள் தொழிற்சாலைக்குப் பிரிகிற ரோட்டில் நிற்கும் சிலைக்கே இரண்டு கொம்பு. பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அது ஊர் அடையாளம். ஊர்ப் பொதுவில் உள்ளதை எந்தக் கம்பெனியும் போட்டுக்கொள்ளலாம்’ என்கிறார். கோர்ட் கமிஷனர் ஒருவர் ஆவணியில் நேரில் வந்து சிலையைப் பார்த்து எழுதப்போகிறார்.

அந்தப் பின் கொம்பு வந்த கதை உனக்கும் தெரியும். 1952இல் அப்பா சிலை வைக்க ஆசைப்பட்டு, சுதை வேலைக்காரர் ராக்கப்பனிடம் மாதிரிக்கு ஒரு லேபிளைக் கொடுத்தார். அச்சாபீசில் கழித்துப் போட்ட தாள் அது. கல்லச்சில் ஒவ்வொரு கலரும் தனித்தனியாகத்தானே ஏறும். அந்தத் தாளில் சிவப்பு ஓர் இடத்திலும் கறுப்பு கொஞ்சம் பின்னாலும் விழுந்துவிட்டது. உடம்பில் அது கோடு தடித்த மாதிரி இருந்தது. கொம்பு சின்னது, ஆகவே இரண்டாகவே பிரிந்து தெரிந்தது. ராக்கப்பன் கோபுரத்துக்கு யாளி செய்தவர். காண்டாமிருகத்தை அவர் எங்கே கண்டார்? தாளில் இருந்ததைச் செய்து வைத்துவிட்டார். அப்பா பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்து, “நிக்கட்டும்ல” என்று விட்டுவிட்டார். அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னவன் நான்.

வருகிற வெள்ளிக்கிழமை கொத்தனார் சங்கிலிமுத்து வருவார். பின் கொம்பை அடியோடு எடுத்து, பூசி, வர்ணம் அடித்துவிடுவார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஏணி மட்டும் கொடு.

லட்சுமிகாந்தம்

—

எம். புதுப்பட்டி,
30-7-1961

அண்ணாச்சி அவர்களுக்கு,

சங்கிலிமுத்து வந்தார். சாப்பிட்டார். ஏணி கேட்டார். நான் கொடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டார். அவர் மேல் கோபப்படாதீர்கள். உளியை அவர் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

நீங்கள் கேஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலை இங்கே என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கு யாரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். நான் எழுதுகிறேன்.

1955 பங்குனியில் வெடி காயப்போட்ட களத்தில் தீப்பிடித்தது. வேலையாட்கள் இரண்டு பேரும், அவர்களை இழுக்கப் போன என் வீட்டுக்காரரும் திரும்பவில்லை. யாரோ ஒருவர் மடியில் இருந்த தீப்பெட்டிதான் காரணம். அது யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் போர்டு வைத்தேன். பீடி, தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று கொட்டை எழுத்தில். யாரும் படிக்கவில்லை. ஆள் போட்டுச் சோதிக்கச் சொன்னேன். திரி வெட்டுகிற மூக்கம்மாள் வாசலிலேயே நின்று கேட்டாள்: “எங்க மடியைத் தொளாவுறதுக்கா தாயி நாங்க இம்புட்டு தூரம் நடந்து வாரோம்?” அன்றோடு சோதனையை நிறுத்திவிட்டேன். சோதனை இருந்த நாட்களிலும் தீப்பெட்டி உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. தலைப்பாகையில் வந்தது, தூக்குச்சட்டிக்கு அடியில் வந்தது.

அதை நிறுத்தியவள் அதே மூக்கம்மாள்தான். ஒரு நாள் காலையில் ரோடு பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தன் புருஷன் செல்லப்பாண்டி மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் உருவி, சிலையின் வாய்க்குள் வைத்துவிட்டாள். தலை தாழ்ந்து நிற்பதால் அந்த வாய் ஆள் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கிறது. “முன் கொம்பு கம்பெனிக்கு. பின் கொம்பு நமக்கு. நம்ம கொம்பு நம்ம சாமானைப் பாத்துக்கும். போறப்ப எடுத்துக்கோ” என்றாளாம். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, மறுநாள் பத்துப் பேர் வைத்தார்கள். அடுத்த மாதம் எல்லோரும் வைத்தார்கள். இப்போது லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர்களும் வைக்கிறார்கள். அந்த வாயில் இருப்பதில் அடுத்தவர் பொருளை யாரும் தொடுவதில்லை. அன்றிலிருந்து என் தொழிற்சாலைக்குள் ஒரு தீக்குச்சி வந்ததில்லை.

எனக்கு அந்தக் கொம்பில் நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு இருக்கிறது. எனக்கு அது போதும். அதை எடுத்தால் வாய் இருக்கும், வைக்கிறவர்கள் இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று. போன மாதமே விஸ்வநத்தத்து ஆள் ஒருவர் கேமராவோடு வந்து சிலையை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார். காவல்காரர் சங்கையா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறார். கொம்பை உடைத்துவிட்டு நீங்கள் கோர்ட்டில் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள்.

ஏணி இங்கேயேதான் இருக்கிறது. தர முடியாது.

பொன்னுத்தங்கம்

—

விருதுநகர்,
4-8-1961

பொன்னுத்தங்கத்துக்கு,

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் கேஸையே விட்டுவிடுவார்.

ஒரு கம்பெனியை நடத்துகிறவள், சுண்ணாம்புக் கொம்பை நம்பித் தொழிற்சாலையை விட்டிருக்கிறேன் என்று எழுதுகிறாய். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். காவலுக்கு ஆள் போடு, இன்னும் பத்து ஆள் போடு. பெண்களைச் சோதிக்கப் பெண்களைப் போடு. எத்தனையோ கம்பெனியில் நடக்கிறது. உன்னிடம் மட்டும் நடக்காதா? பயம் இருந்தால்தான் வேலை நடக்கும். நீ அவர்களிடம் கேட்டுக் கேட்டு முதலாளித்தனம் செய்கிறாய்.

போட்டோவைப் பற்றிச் சொன்னாய். எடுத்தால் எடுக்கட்டும். பழைய படம் என்போம்.

காசிராஜன் மாப்பிள்ளை தவறிய பத்தாம் நாள் உன்னிடம் என்ன சொன்னேன்? விருதுநகருக்கு வந்துவிடு, உன் மதினி சொர்ணலட்சுமி உன்னைத் தாங்குவாள், தொழிற்சாலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “எனக்கு வெடிமருந்து வாடை பழகிருச்சு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். அன்று முதல் உன் வாசலை மிதிக்கவில்லை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. அது அப்பா பெயரில் உள்ள மார்க். இப்போது அதைக் காப்பாற்ற வேண்டியவன் நான்.

தீபாவளி ஆர்டர் முழுவதும் என் கை வழியாகத்தான் வருகிறது. அதை நான் விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் திருப்ப முடியும் என்பதை நினைவில் வை.

சங்கிலிமுத்துவை இனி நம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை நானே வருகிறேன்.

லட்சுமிகாந்தம்

—

எம். புதுப்பட்டி,
14-8-1961

அண்ணாச்சி அவர்களுக்கு,

நானே வருகிறேன் என்று எழுதினீர்கள். வந்தீர்கள். நாங்கள் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வந்தீர்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போவோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா இருந்தபோது நீங்களும் வந்தவர்தான். எல்லோரும் போயிருந்தோம். ஆற்று மணலில் தங்கி, மாவிளக்கு வைத்து, பாதிப் பேர் மொட்டை போட்டு, சனிக்கிழமை காலையில் சாத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பினோம். விலக்கு வந்ததும் “காண்டாமிருகம் எறங்கு” என்று கூப்பிடுகிற கண்டக்டர், அன்று விசிலை வாயில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டே நின்றார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் அப்படியே இறங்கிப் போய்ச் சிலையைச் சுற்றி நின்றார்கள். பின் கொம்பு இருந்த இடத்தில் ஈரம் காயாத பூச்சு. நல்ல வேலைதான். அங்கே ஒரு கொம்பு இருந்தது என்று தெரியாதவனுக்குத் தெரியாது. உடைந்த துண்டுகள் பள்ளத்தில் கிடந்தன. மூக்கம்மாள் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலையில் போட்டுக்கொண்டாள்.

நடந்ததைச் சங்கையா சொன்னார். நீங்கள் காரில் இரண்டு கொத்தனாரோடு வந்தீர்கள். ஏணி கேட்டீர்கள். அவர் மறுத்திருக்கிறார். “நானே எடுத்துக்கிறேன், நீ யார்லே என்னைத் தடுக்க” என்று காரை உள்ளே விட்டீர்கள். அப்போது அவர் காருக்கு முன்னால் ஓடிவந்து, “அண்ணாச்சி, ஏணிய எடுத்துட்டுப் போங்க, கொம்ப உடைங்க, என்னமும் செய்யுங்க. பையில இருக்க சிகரெட் டப்பாவையும் லைட்டரையும் மட்டும் இங்கன வச்சுட்டுப் போங்க” என்று கும்பிட்டிருக்கிறார். நீங்கள் நிறுத்தவில்லை.

ஏணி மருந்து கலக்கிற அறையின் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதாவது, சட்டைப் பையில் லைட்டரோடு நீங்கள் மருந்து அறைக் கதவு வரை நடந்திருக்கிறீர்கள்.

கொம்பை உடைத்ததற்கு என்னால் உங்களோடு சண்டை போட முடியும். இதற்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எந்தக் களத்தில் விழுந்தாரோ அதைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும்.

இன்று திங்கட்கிழமை வேலைக்கு வந்தார்கள். ஒருவர்கூடச் சிலை வாயில் எதையும் வைக்கவில்லை. நேரே வாசலுக்கு வந்து நின்றார்கள். செல்லப்பாண்டியின் வேட்டி மடிப்பில் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. மறைக்கவும் இல்லை. நான் கேட்டேன். மூக்கம்மாள்தான் பதில் சொன்னாள்.

“அது இப்ப முழுக்கக் கம்பெனி மிருகம் தாயி. கம்பெனி மிருகத்துக்கிட்ட எங்க சாமானை எதுக்கு வைக்கணும்? சோதிக்கணும்னா சோதிச்சுக்கோங்க.”

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். கேலியாகத்தான். ஆனால் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நான் சோதிக்கவில்லை. வாசலைப் பூட்டினேன். மருந்து அறை, திரி அறை, குடோன் எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சீசன் உச்சத்தில் இருக்கிறது, காயவேண்டிய சரக்கு காய்ந்துகொண்டிருக்கிறது, எல்லாம் தெரியும். கொம்பு நின்றால்தான் இந்தக் கதவு திறக்கும். ஆர்டரை விஸ்வநத்தத்துக்குத் திருப்புங்கள், எங்கு வேண்டுமானாலும் திருப்புங்கள்.

பொன்னுத்தங்கம்

—

விருதுநகர்,
17-8-1961

பொன்னுத்தங்கத்துக்கு,

லைட்டர் பையில் இருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. சங்கையா கத்தினது ஏணிக்காக என்று நினைத்தேன். அவ்வளவுதான் இதற்கு என்னால் எழுத முடியும்.

தொழிற்சாலையைப் பூட்டியது நியாயம் இல்லை. அது உன் ஒருத்தி பிழைப்பு மட்டும் அல்ல. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சரக்கு எங்கே என்று கேட்டு ஆள் வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கு என்ன சொல்ல? என் தங்கச்சி ஒரு கொம்புக்காகக் கதவைச் சாத்திவிட்டாள் என்று சொல்லவா?

ஒரு வழி சொல்கிறேன். செப்டம்பர் ஆறாம் தேதி கமிஷனர் வருகிறார். அவர் பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும். மறுநாளே உன் ஆட்கள் இரண்டு கொம்பு வைக்கட்டும், நாலு கொம்பு வைக்கட்டும், நான் கேட்கமாட்டேன். கொத்தனாரையும் சுண்ணாம்பையும் நானே அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஒற்றைக் கொம்போடு இருக்கட்டும். கதவைத் திற. இதை அவர்களிடம் நீயே சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் மதினி உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். யார் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியவில்லை.

லட்சுமிகாந்தம்

—

எம். புதுப்பட்டி,
24-8-1961

அண்ணாச்சி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் சிலைக்கு அடியில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நல்ல யோசனை என்றும் என் பங்குக்குச் சொன்னேன். பூட்டிக் கிடக்கிற கதவைப் பார்க்க எனக்கும் வயிறு எரிகிறது.

செல்லப்பாண்டி ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தார். “கொஞ்ச நாள்தான, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். மூக்கம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “கொஞ்ச நாள் உன் மடியில தீப்பெட்டி இருந்தாப் போதும், பூராப் பேரும் மேல போயிருவோம்” என்றாள். அதன்பிறகு என்னைப் பார்த்து, “கோர்ட்டுல பொய் சொல்றது அண்ணாச்சி இஷ்டம் தாயி. எங்க கொம்பு பொய் சொல்லாது” என்றாள். உங்கள் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

ராக்கப்பன் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கொம்பு வைக்க யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கியவர் யார் தெரியுமா? நீங்கள் வேலையை விட்டு நிறுத்திய சங்கிலிமுத்து. “உடைக்க வந்த பாவம் என்னது. வேலைதான் போயிருச்சே, இனி யாருக்குப் பயம்?” என்று மட்டும் சொன்னார். நாள் முழுக்க அவர் மேலே, எங்கள் ஆட்கள் கீழே. பள்ளத்திலிருந்து மூக்கம்மாள் பொறுக்கி வைத்திருந்த துண்டுகளை உள்ளே வைத்துத்தான் கட்டினார்கள். கம்பி சங்கையா கொண்டுவந்தார். சுண்ணாம்பு இடித்தது பெண்கள். ஏணி நான் கொடுத்தேன்.

கீழே நின்று ஆளாளுக்கு “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முடிந்த பிறகு பார்த்தால் பின் கொம்பு முன் கொம்பைவிட ஒரு சாண் உயரம். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். குறைக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் வரிசையாக வாயில் பீடிக்கட்டை வைத்துவிட்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்தேன்.

ஆறாம் தேதி உங்கள் கமிஷனர் வரட்டும். அவர் கேட்டால் நாங்கள் உள்ளதைத்தான் சொல்வோம். உங்கள் கேஸ் தோற்றால் அதற்கு நான் பொறுப்பு என்று வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

பொன்னுத்தங்கம்

—

விருதுநகர்,
8-9-1961

தங்கச்சி பொன்னுத்தங்கத்துக்கு,

கமிஷனர் வந்த அன்று கூட்டத்தில் மூக்கம்மாளுக்குப் பக்கத்தில் நீ நின்றதைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அங்கே நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

காரில் வரும்போதே வக்கீலிடம் சொல்லிவிட்டேன், கொம்பு திரும்ப வந்துவிட்டது என்று. அவர் வண்டியை நிறுத்தி இறங்கி ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றார். நானும் தோற்றோம் என்றுதான் வந்தேன்.

எதிர்க்கட்சி வக்கீல் கையில் ஒரு கவர் வைத்திருந்தார். சிலையைக் கண்டதும் அதைப் பிரித்து ஒரு போட்டோவை எடுத்தார். படத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படத்தைக் கவருக்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நான் கொம்பை உடைத்தது அவர்களுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. கமிஷனர் முன்னால் ஒற்றைக் கொம்பையும் அந்தப் படத்தையும் சேர்த்துக் காட்டி, சாட்சியை அழித்தவன் என்று என்னை அங்கேயே நிறுத்தக் காத்திருந்திருக்கிறார்கள். நீ ஜூலையிலேயே எழுதினாய். நான் படித்தேன்.

கமிஷனர் கூட்டத்தைப் பார்த்து, “இது எந்தக் கம்பெனி அடையாளம்?” என்று கேட்டார். மூக்கம்மாள் முன்னால் வந்தாள்.

“முன் கொம்பு வரைக்கும் கம்பெனி அடையாளம்ங்கய்யா. பின் கொம்பு கம்பெனியது இல்ல.”

“அப்ப அது யாருது?”

“எங்களது.”

“எதுக்கு வச்சிருக்கீக?”

அவள் சிலையின் வாயைக் கைகாட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். உள்ளே கை விட்டு ஒரு பீடிக்கட்டை எடுக்கப் போனார். ஐம்பது பேர் ஒரே குரலில் “அய்யா” என்றார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். என்ன ஏது என்று முழுவதும் கேட்டு, எழுதிக்கொண்டார். புறப்படும்போது தன் பையிலிருந்த தீப்பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

முன் கொம்பு மட்டும்தான் கம்பெனியது என்று அவள் சொன்னது நமக்குச் சாதகம் என்கிறார் வக்கீல். மறுநாள் இல்லை என்கிறார். தீர்ப்பு வரும்போது வரட்டும்.

நான் மூக்கம்மாளிடம் தனியாக ஒன்று கேட்டேன். பின் கொம்பு ஏன் உயரமாக இருக்கிறது என்று. “ஒடைச்சா வளரத்தான செய்யும், அண்ணாச்சி” என்றாள். முகத்தில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கார் எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்து விலக்கில் இறங்கி நடந்து வருகிறேன். உன் மதினி கொடுத்த சேலை என்னிடம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

லட்சுமிகாந்தம்

—

எம். புதுப்பட்டி,
20-9-1961

அண்ணாச்சி அவர்களுக்கு,

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக நல்லபடியாக வீடு சேர்ந்தீர்கள் என்று ஜீப்காரர் வந்து சொன்னார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்தது சரியில்லை. ஆறு வருஷம் கழித்து வந்தவர் ரசம் சாப்பிடாமல் போயிருக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் நான் இப்போதும் மாறவில்லை. கொம்பு திரும்ப வந்தது வரைக்கும் சரி, ஆனால் அதற்குக் கம்பெனிச் சிவப்புதான் அடிக்க வேண்டும் என்றீர்கள். அது கம்பெனிக் கொம்பு இல்லை என்று கமிஷனர் முன்னாலேயே பதிவாகிவிட்டது. நம் கலரை நாம் எப்படி அடிக்க முடியும்? “அப்ப என்ன கலர் அடிப்பாளுக?” என்று கேட்டுவிட்டு இலையை மடித்தீர்கள். அதற்குப் பதில் இப்போது இருக்கிறது. நேற்று மஞ்சள் அடித்துவிட்டார்கள். இருக்கன்குடி மஞ்சள். மூன்று பர்லாங்கு தூரத்திலிருந்தே தெரிகிறது. உங்களுக்குப் பிடிக்காது.

சேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மதினியிடம் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் சிலை முன் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சிகரெட் டப்பாவையும் லைட்டரையும் வாய்க்குள் வைத்ததைச் சங்கையா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஓடிவந்து என்னிடம் சொன்னார். ஆனால் கோபத்தில் பின்பக்க ரோட்டில் ஜீப் ஏறிப் போய்விட்டீர்கள். டப்பா அங்கேயே இருக்கிறது. இன்று காலையில் நான் போய்ப் பார்த்தேன். பீடிக்கட்டுகளுக்கு நடுவில் வெள்ளித் தகடு மாதிரி மின்னிக்கொண்டு இருக்கிறது. லோடு ஏற்ற வந்த டிரைவர்கள்கூடத் தொடவில்லை.

அந்த வாயில் வைத்ததை வைத்தவர்தான் எடுக்க வேண்டும். அது அவர்கள் போட்ட சட்டம். உங்களுக்காக நானும் எடுத்து அனுப்பமாட்டேன். நீங்களே வாருங்கள். அன்றைக்கு ரசத்தில் தொடங்குவோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. தகரம் துருப்பிடித்துவிடும்.

பொன்னுத்தங்கம்